கெர்னல் மூலநிரலை உங்கள் கணினியிலேயே தேடிப் படிக்க ஒரு கருவி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் முதல் பதிப்பை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டபோது அதில் ஏறக்குறைய 10,000 வரிகள் இருந்தன. பொறுமை உள்ள ஒருவர் அதை அச்செடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட முடியும். இன்றைய கெர்னலில் 3 கோடி வரிகளுக்கு மேல் இருக்கின்றன. அதை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை.

எல்லோரும் தாவித் தாவித்தான் படிக்கிறார்கள். ஒரு ஃபங்ஷனைப் பார்க்கிறோம். அதற்குள் இன்னொரு ஃபங்ஷனின் பெயர் வருகிறது, அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடிப் போகிறோம். அங்கே ஒரு ஸ்ட்ரக்சர் எட்டிப் பார்க்கிறது. அதன் வரையறை வேறொரு ஹெடர் கோப்பில். நாலு தாவலுக்குப் பிறகு எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகிறது. புதிதாக வருபவர்கள் கெர்னலைத் திறந்துவிட்டுக் கைவிடுவதற்கு, சி மொழியின் கடினத்தைவிட இப்படி இழை அறுந்துபோவதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த இழையைப் பிடித்துக்கொள்ள உதவுவதுதான் மூலநிரல் உலாவும் கருவி. அதை உங்கள் கணினியிலேயே எப்படி அமைப்பது, எதை அதனிடம் எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

(கட்டளைகள், கோப்புகள், ஃபங்ஷன்கள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.)

கருவி உள்ளே என்ன செய்கிறது?

ஒரு தடித்த புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கும். ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது காட்டும். மூலநிரல் உலாவியும் அதைத்தான் செய்கிறது. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை முழுதாகப் படித்து, எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்படுகிறது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று ஓர் இன்டெக்ஸை எழுதி வைத்துக்கொள்கிறது. அப்புறம் நீங்கள் கேட்கும்போது கோப்புகளைத் தொடாமல் இன்டெக்ஸைப் பார்த்து உடனே பதில் சொல்கிறது.

கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடித் தரும் வெறும் கிரெப் கட்டளை போதாதா என்று கேட்கலாம். கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவி) ரெப்பாசிட்டரிக்குள் கிட் கிரெப் மிக வேகமாகவே தேடும். ஆனால் அதற்கு எழுத்துகள் மட்டும்தான் தெரியும். 'ஷெட்யூல்' என்று தேடினால் வரையறை, அழைப்பு, கமென்ட், அந்த எழுத்துகளை நடுவில் கொண்ட வேறு பெயர்கள் என எல்லாமே ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். இன்டெக்ஸ் உள்ள கருவியிடம் வரையறையை மட்டும் கேட்டால் கெர்னல் ஃபோல்டருக்குள் உள்ள ஷெட் ஃபோல்டரின் கோர் கோப்புக்கு நேராகக் கொண்டுபோய் விடும்.

சரி, இணையத்தில் ஏற்கெனவே இந்த வசதி இருக்கிறதே? இருக்கிறது. 1990-களில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எக்ஸ்.ஆர். இதற்கு முன்னோடி. இப்போது பூட்லின் நிறுவனம் நடத்தும் எலிக்சர் தளத்தில் கெர்னலின் ஏராளமான பதிப்புகளை உலாவலாம். எதையாவது ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அதுவே போதும். ஆனால் நீங்களே ஒரு வரியை மாற்றிப் பார்க்கும் நாள் வந்துவிட்டால் அந்தத் தளத்தில் உங்கள் மாற்றம் இருக்காது. நிறுவனங்கள் தங்கள் சில்லுகளுக்காக மாற்றி வைத்திருக்கும் கெர்னல்களும் அங்கே இருக்காது. இணைப்பு இல்லாத இடத்தில் உட்கார்ந்து படிக்கவும் முடியாது. உங்கள் கையில் இருக்கும் அதே நிரலை அதே வரி எண்ணோடு பார்க்க வேண்டுமென்றால் இன்டெக்ஸும் உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும்.

எதில் தொடங்குவது?

இந்த வேலைக்குக் கருவிகள் நிறைய. பிரவுசரில் அழகாகத் தெரியும் பெரிய கருவியை முதலிலேயே நிறுவப் போய், அதன் ஜாவா பதிப்பு, சர்வர் அமைப்பு என்று மல்லுக்கட்டி, கெர்னலைப் படிக்காமலேயே களைத்துப் போகிறவர்கள் உண்டு. டெர்மினலில் ஓடும் இரண்டு சின்னக் கருவிகளில் தொடங்குங்கள் என்பது என் பரிந்துரை. ஒன்று சிஸ்கோப். இன்னொன்று சீடேக்ஸ்.

சிஸ்கோப், பெல் ஆய்வகத்தில் 1980-களில் ஜோ ஸ்டெஃபன் எழுதியது. 2000-ஆம் ஆண்டில் பி.எஸ்.டி. உரிமத்தில் பொதுவுக்கு வந்தது. பார்க்கப் பழைய காலத்துத் திரை மாதிரி இருக்கும். ஆனால் "இந்த ஃபங்ஷனை யாரெல்லாம் அழைக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும் வேகத்தைப் பார்த்தால் அழகு ஒரு பொருட்டாகத் தெரியாது. சீடேக்ஸ் வேறு வகை. வரையறை எங்கே என்பதை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அதை உங்கள் எடிட்டர் படித்துக்கொள்ளும். இதில் யுனிவர்சல் சீடேக்ஸ் என்ற பதிப்பையே நிறுவுங்கள். எக்ஸுபரன்ட் சீடேக்ஸ் என்ற பழைய பதிப்பின் தொடர்ச்சிதான் இது. இரண்டு கருவிகளும் எல்லா முக்கிய லினக்ஸ் வினியோகங்களின் தொகுப்புகளிலும் கிடைக்கின்றன.

முதல் பயிற்சிக்கு லினக்ஸ் வேண்டாம். எக்ஸ்வி6 என்று ஒரு சின்ன இயங்குதளம் இருக்கிறது. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. மொத்தமே சில ஆயிரம் வரிகள். ஆனாலும் பிராசஸ், கோப்பு முறைமை, நினைவக மேலாண்மை, சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) எல்லாமே உண்டு. அதன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பின் ரெப்பாசிட்டரியை கிட் மூலம் இறக்கி, அந்த ஃபோல்டருக்குள் நின்று சிஸ்கோப்பை 'பெரிய ஆர்' என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். உட்ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து இன்டெக்ஸ் செய் என்பது அதன் பொருள். எண்டர் தட்டிய அடுத்த கணமே திரை தயாராகிவிடும்.

திரையின் கீழ்ப்பகுதியில் சில கேள்விகள் வரிசையாக நிற்கும். இந்தப் பெயர் எங்கெல்லாம் வருகிறது, எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது, இந்த ஃபங்ஷன் யாரையெல்லாம் அழைக்கிறது, இதை யார் அழைக்கிறார்கள், இந்த ஹெடரை எந்தக் கோப்புகள் சேர்த்துக்கொள்கின்றன, இப்படி. அம்புக்குறி விசையால் கேள்வியைத் தேர்ந்து, பெயரைத் தட்டி, எண்டர் கொடுத்தால் மேலே பதில்கள் வரும். ஒரு பதிலைத் தேர்ந்தால் எடிட்டரில் அந்த வரி திறக்கும். எடிட்டரை மூடினால் பட்டியலுக்கே திரும்புவீர்கள். மேலும் கீழும் மாற டேப் விசை, வெளியேற கன்ட்ரோல்-டி. கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

'ஷெட்யூலர்' என்ற ஃபங்ஷனின் வரையறையைக் கேளுங்கள். பிராக் கோப்பில் ஒரு சின்ன ஃபங்ஷன் திறக்கும். அடுத்து எந்த பிராசஸ் ஓட வேண்டும் என்று அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் படிக்கலாம். அதற்குள் 'ஸ்விட்ச்' என்ற ஒலியில் ஓர் அழைப்பு வரும். (உயிரெழுத்தை விட்டுவிட்டு எழுதியிருப்பார்கள்.) அதன் வரையறையைக் கேட்டால் சிஸ்கோப் கையை விரித்துவிடும். ஏனென்றால் அது அசெம்பிளியில் எழுதப்பட்டிருக்கிறது. சிஸ்கோப் இயல்பாக எடுத்துக்கொள்வது சி கோப்புகள், ஹெடர்கள், லெக்ஸ், யாக் கோப்புகளை. ஆகவே அசெம்பிளியில் உள்ளதைத் தேட கிட் கிரெப்தான். இயங்குதள நிரலில் மிக சுவாரசியமான சில வரிகள், ரிஜிஸ்டர்களைச் சேமித்து மாற்றும் இந்த மாதிரி வரிகள், அசெம்பிளியில்தான் இருக்கும். கருவி காட்டவில்லை என்பதற்காக அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

லினக்ஸ் கெர்னலுக்கு வருவோம்

கெர்னல் மூலநிரலை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை ஜி.பி. இடம் பிடிக்கும். கிட் வழியாக முழு வரலாற்றோடு இறக்கினால் இன்னும் சில ஜி.பி. கூடும். 2005-இல் கிட்டுக்கு மாறியதிலிருந்து நடந்த ஒவ்வொரு மாற்றமும் அதில் இருக்கிறது. படிப்பதற்கு மட்டும் என்றால் ஆழம் 1 என்று சொல்லி, கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸ், ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கெர்னலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டுமே பிரியும் கோப்புப் பெயர்கள் சில உண்டு. நெட்ஃபில்டர் ஹெடர்கள் இருக்கும் ஃபோல்டரில் பார்க்கலாம். அந்த இரண்டு இயங்குதளங்களின் வழக்கமான கோப்பு முறைமையும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. ஆக, ஒரு கோப்பின் மேல் இன்னொன்று உட்கார்ந்துவிடும், நீங்கள் எதையும் தொடாமலேயே கிட் "மாற்றங்கள் உள்ளன" என்று சொல்லும். விண்டோஸில் கூடுதலாக, 'ஆக்ஸ்' என்ற பெயர் ஒதுக்கப்பட்ட பெயர் என்பதால் அந்தப் பெயரில் உள்ள கோப்பு இறங்கவே மறுக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூ.எஸ்.எல்.லின் சொந்தக் கோப்பு முறைமைக்குள் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆப்பிள் மேக்கில், எழுத்து வேறுபாட்டை மதிக்கும் டிஸ்க் இமேஜ் ஒன்றை உருவாக்கி அதற்குள் வையுங்கள்.

இனி இன்டெக்ஸ். எக்ஸ்வி6-இல் செய்தது போல நேரடியாக சிஸ்கோப்பை ஓட்ட வேண்டாம். கெர்னலின் மேக்ஃபைலுக்குள்ளேயே (பில்ட் செய்யும் 'மேக்' கட்டளைக்கான கோப்பு) இதற்கான வழி இருக்கிறது: 'மேக் சிஸ்கோப்', 'மேக் டேக்ஸ்'. கெர்னலை முதலில் கான்ஃபிகர் செய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சில நிமிடங்கள் ஓடும், சில நூறு எம்.பி. அளவில் கோப்புகள் உருவாகும். அப்புறம் சிஸ்கோப்பை 'சின்ன டி' விருப்பத்தோடு திறந்தால், இன்டெக்ஸை மறுபடி கட்டாமல் இருப்பதையே பயன்படுத்தும்.

மேக் கட்டளை வழியே போவதில் இரண்டு நன்மைகள். ஆர்ச் ஃபோல்டருக்குள் எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு செயலி வகைக்கும் தனி ஃபோல்டர் உண்டு. ஒரே பெயரில் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபங்ஷன் இருக்கும். எல்லாவற்றையும் இன்டெக்ஸ் செய்தால் ஒரு கேள்விக்குப் பல பதில்கள் வந்து எது நமக்கானது என்று புரியாமல் போகும். கெர்னலின் டேக்ஸ் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியின் செயலி வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வேறு வகை வேண்டுமென்றால் ஆர்ச் என்ற மாறியில் அதன் பெயரைக் கொடுக்கலாம். இரண்டாவது நன்மை, கெர்னலுக்கே உரிய மேக்ரோக்களைப் (கம்பைல் ஆகும்போது முழு நிரலாக விரியும் சுருக்கங்களை) புரிந்துகொள்ளும் விதிகளை அந்த ஸ்கிரிப்ட் சீடேக்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இது ஏன் முக்கியம் என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. கெர்னலை உங்கள் கான்ஃபிகரேஷனோடு ஒருமுறை பில்ட் செய்துவிட்டு, 'கம்பைல்ட்_சோர்ஸ்' என்ற மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து மேக் சிஸ்கோப்பை ஓட்டுங்கள். பில்டில் உண்மையாகவே கம்பைல் ஆன கோப்புகள் மட்டும் இன்டெக்ஸில் வரும். கெர்னலின் பாதிக்கு மேற்பட்ட நிரல் டிரைவர்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கணினியில் இல்லாத சாதனங்களுக்கானவை. அவை எல்லாம் விலகிவிட்டால் பதில் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பார்த்தபின் முழு இன்டெக்ஸுக்குத் திரும்ப மனம் வராது.

இன்டெக்ஸுக்குத் தெரியாதவை

கருவியை அமைத்து முடித்த பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரே ஒரு பாதையை முழுதாக நடந்து பார்ப்போம். ஒரு நிரல் கோப்பைப் படிக்க 'ரீட்' என்ற சிஸ்டம் காலை அழைக்கிறது. கெர்னலுக்குள் என்ன நடக்கிறது?

'சிஸ்_ரீட்' என்ற ஃபங்ஷன் இருக்கும் என்று எதிர்பார்த்து அதன் வரையறையை சிஸ்கோப்பிடம் கேட்டால் கிடைக்காது. எஃப்.எஸ். ஃபோல்டரில் உள்ள 'ரீட்_ரைட்' கோப்பில் அது 'சிஸ்கால்_டிஃபைன்3' என்ற மேக்ரோ வழியாக எழுதப்பட்டிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் முதல் சொல்லாக 'ரீட்' என்று மட்டும் இருக்கும். 3 என்பது அந்தக் காலுக்கு மூன்று ஆர்க்யுமென்ட்கள் என்பதைக் குறிக்கிறது. கம்பைலர் அந்த மேக்ரோவை விரிக்கும்போதுதான் முழுப்பெயர் பிறக்கிறது. சிஸ்கோப் மேக்ரோவை விரிப்பதில்லை, ஆகவே அதற்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. மேக் டேக்ஸ் உருவாக்கிய கோப்பில் அதே பெயரைத் தேடினால் கிடைக்கும். ஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுத்த விதிகளின் பலன் இதுதான்.

அந்த வரையறை 'கேசிஸ்_ரீட்' என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. அதை யார் அழைக்கிறார்கள் என்று சிஸ்கோப்பிடம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். 'சிஸ்கால்_டிஃபைன்3' என்ற பெயர் பட்டியலில் வரும். மேக்ரோவின் பெயரையே ஃபங்ஷனின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு பெயர் வந்தால் "ஓ, இது ஒரு சிஸ்டம் கால்" என்று நீங்களாகப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

கேசிஸ்_ரீட் அடுத்து 'விஎஃப்எஸ்_ரீட்' ஃபங்ஷனுக்குப் போகிறது. இதுவரை பாதை நேராக இருக்கிறது. இங்கேதான் பெரிய பள்ளம். விஎஃப்எஸ்_ரீட் எந்தக் கோப்பு முறைமையையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கோப்பைக் குறிக்கும் ஸ்ட்ரக்சருக்குள் 'எஃப்_ஆப்' என்று ஒரு பாயின்டர் இருக்கிறது. அது காட்டும் அட்டவணையில் உள்ள 'ரீட்' அல்லது 'ரீட்_இட்டர்' என்ற இடத்தில் எந்த ஃபங்ஷனின் முகவரி இருக்கிறதோ அதுதான் ஓடும். கோப்பு எக்ஸ்ட்4-இல் இருந்தால் ஒன்று, நெட்வொர்க் வழியாக வந்தால் இன்னொன்று, அது கோப்பே இல்லாமல் ஒரு பைப்பாக இருந்தால் வேறொன்று. எது என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகிறது. எழுதப்பட்ட எழுத்தை மட்டும் படிக்கும் எந்த இன்டெக்ஸும் இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் தர முடியாது.

இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. ஃபங்ஷனைத் தேடாமல் அந்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். 'ரீட்_இட்டர்' என்ற பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று சிஸ்கோப்பின் முதல் கேள்வியில் கேட்டால், ஒவ்வொரு கோப்பு முறைமையும் தன் ஃபங்ஷனை அதில் நிரப்பும் வரிகள் கிடைக்கும். எக்ஸ்ட்4 ஃபோல்டரில் உள்ள ஃபைல் கோப்பில் 'எக்ஸ்ட்4_ஃபைல்_ரீட்_இட்டர்' என்ற பெயர் அந்த இடத்தில் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாதை மறுபடி ஒட்டிக்கொண்டது. வழக்கமான படிப்புக்கு அங்கிருந்து 'ஜெனரிக்_ஃபைல்_ரீட்_இட்டர்' வழியாக எம்.எம். ஃபோல்டரின் ஃபைல்மேப் கோப்புக்குப் போய்ச் சேருகிறது. கோப்பைப் படிக்கும் வேலை நினைவக மேலாண்மை ஃபோல்டரில் முடிவது ஏன் என்ற கேள்வி வந்தால் நல்லது. பேஜ் கேஷ் என்றால் என்ன என்று படிக்கத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

டிரைவர்கள், நெட்வொர்க் புரோட்டோகால்கள், ஷெட்யூலிங் வகுப்புகள் என்று கெர்னல் முழுவதும் இதே அமைப்புதான்: ஓர் அட்டவணை, அதில் ஃபங்ஷன் பாயின்டர்கள், ஒவ்வொருவரும் தங்கள் ஃபங்ஷனை அதில் நிரப்புவது. எக்ஸ்வி6-இல்கூட 'சிஸ்_ஃபோர்க்' ஃபங்ஷனை யார் அழைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. பெயரைத் தேடினால் சிஸ்டம் கால் அட்டவணை வந்து நிற்கும். சின்ன நிரலில் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பெரிய நிரலில் பயம் இருக்காது.

பிரவுசரில் வேண்டுமென்றால்

டெர்மினல் பழக்கமில்லை, அல்லது ஒரு குழுவே சேர்ந்து ஒரே நிரலைப் படிக்கிறது என்றால் ஓப்பன்கிராக் நல்ல தேர்வு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஓப்பன்சோலாரிஸ் காலத்தில் உருவானது, ஜாவாவில் எழுதப்பட்டது. தேடலுக்கு லூசீன், பெயர்களை அறிய யுனிவர்சல் சீடேக்ஸ், பக்கங்களைக் காட்ட டாம்கேட் என்று பல பாகங்களை வைத்து ஓடுகிறது. தனித்தனியாக நிறுவாமல், எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் கட்டிய அதன் டாக்கர் இமேஜைப் பயன்படுத்துங்கள். மூலநிரல் இருக்கும் ஃபோல்டரை கன்டெய்னருக்குள் ஓப்பன்கிராக்கின் சோர்ஸ் ஃபோல்டராக இணைத்து, 8080 போர்ட்டைத் திறந்தால் போதும். அந்த ஃபோல்டருக்குள் உள்ள ஒவ்வொரு உட்ஃபோல்டரும் தனி பிராஜெக்ட்டாகத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். போர்ட்டைத் திறக்கும்போது 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்களும் உங்கள் நிரலைப் பார்க்க முடியும். அடுத்து, அந்த இமேஜ் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை இன்டெக்ஸைப் புதுப்பிக்கும். கெர்னல் அளவுள்ள நிரலுக்கு, அதுவும் முழு கிட் வரலாற்றோடு, இது கணினியை மூச்சுத் திணற வைக்கும். புதுப்பிக்கும் இடைவெளியை 0 என்று வைத்தால் தானாக ஓடுவது நின்றுவிடும். தேவைப்படும்போது நீங்களே ஓட்டிக்கொள்ளலாம்.

எலிக்சரையும் சொந்தமாக நிறுவலாம். பல பதிப்புகளை ஒப்பிட்டுப் படிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். பதிப்புக்குப் பதிப்பு மாறாத கோப்புகளை அது ஒரே ஒருமுறைதான் இன்டெக்ஸ் செய்கிறது. ஆனால் கிட் டேக்குகளை (பதிப்புகளுக்கு இடப்பட்ட பெயர்களை) நம்பி இயங்குவதால் ஆழம் 1 என்று இறக்கிய ரெப்பாசிட்டரி அதற்கு உதவாது.

எடிட்டருக்குள்ளேயே எல்லாம் வேண்டும் என்பவர்கள், எடிட்டருக்குத் துணையாக ஓடும் கிளாங்டி என்ற கருவியைப் பாருங்கள். அது கம்பைலரின் கண்ணோடு நிரலைப் படிப்பதால் மேக்ரோக்களையும் உங்கள் கான்ஃபிகரேஷனையும் புரிந்துகொள்ளும். கெர்னலை பில்ட் செய்த பிறகு 'கம்பைல்_கமாண்ட்ஸ்' என்ற ஜேசான் கோப்பை உருவாக்க வேண்டும். அதற்கும் மேக் கட்டளையிலேயே வழி இருக்கிறது. ஃபங்ஷன் பாயின்டர் பள்ளத்தை இதுவும் நிரப்பாது.

எந்தக் கருவியாக இருந்தாலும் இன்டெக்ஸ் என்பது அது எடுக்கப்பட்ட நேரத்தின் நிலைதான். கிட்டில் வேறு பதிப்புக்கு மாறினாலோ, நாலைந்து கோப்புகளைத் திருத்தினாலோ இன்டெக்ஸ் பழையதாகிவிடும். தாவிப் போன இடத்தில் எதிர்பார்த்த ஃபங்ஷனுக்குப் பதில் சம்பந்தமில்லாத ஒரு வரி நின்றால் அதுதான் அறிகுறி. உடனே மேக் சிஸ்கோப்பை மறுபடி ஓட்டிவிட்டுப் படிப்பைத் தொடருங்கள். இன்டெக்ஸ் கோப்புகளை கிட் கண்டுகொள்ளாமல் இருக்க கெர்னலில் ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. மற்ற ரெப்பாசிட்டரிகளில் அவற்றின் பெயர்களை கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.